எல்டன் குசேராவும் நாலு மோட்டார் ஜாக்கியும்

எல்டன் குசேராவுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது. நெப்ராஸ்காவில் ரயில் பாதையை ஒட்டி இருந்த தானியக் கிடங்கில் நாற்பத்தைந்து வருஷம் இரும்பு ஏணியில் ஏறி இறங்கியவர் அவர். பத்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். மக்காச்சோளம் லாரி லாரியாக வந்து குவிகிற அக்டோபர் மாதத்தில் வீட்டுக்கே வரமாட்டார், கிடங்கிலேயே படுத்து அங்கேயே எழுந்திருப்பார்.

மகள் டெஸ்ஸா பிறந்ததும் ஒரு அக்டோபரில்தான். மூன்றாம் நாள்தான் போய்ப் பார்க்க முடிந்தது. உடம்பெல்லாம் சோளத்தூசி என்று பிள்ளையை அவர் கையில் கொடுக்கவில்லை. குளித்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார், அதற்குள் கிடங்கிலிருந்து ஆள் வந்துவிட்டது. அந்த அறுவடை முடிந்தது, அடுத்த அறுவடை வந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை பள்ளிக்கூடத்துப் பை மாட்டிக்கொண்டு நின்றது. இதை எல்டன் யாரிடமும் சொல்லிப் புலம்பியதில்லை. ஆனால் மார்ச் கடைசியில் டெஸ்ஸாவுக்குப் பெண் குழந்தை பிறந்து, ஐவி என்று பெயர் வைத்தார்கள் என்ற செய்தி வந்ததும், மனுஷன் அன்றைக்கு மூன்று தடவை குளித்தார்.

வேலையிலிருந்து நின்றதும் அவர் வாங்கிய ஒரே ஆடம்பரம் ஒரு பழைய டிரெய்லர். பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு. இருபத்திரண்டு அடி நீளம், கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. இந்த மாதிரி வீட்டில் ஒரு சங்கடம் உண்டு. எடை முழுக்க நடுவில் இருக்கிற சக்கரங்களிலும் முன்மூக்கிலும்தான் உட்காரும், நாலு மூலையும் அந்தரத்தில் நிற்கும். உள்ளே ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் போதும், மற்றவர் ஊஞ்சலில் படுத்த மாதிரி ஆடுவார். அதற்குத்தான் நாலு மூலைக்கும் நாலு ஜாக்கி, முட்டுக் கொடுக்கிற இரும்புக் கால்கள். தரையில் மண்டியிட்டு, கம்பியை மாட்டி, ஒவ்வொன்றாகச் சுற்றி இறக்க வேண்டும். போன இலையுதிர் காலத்தில் நாலாவது ஜாக்கியைச் சுற்றி முடித்த எல்டனை, மனைவி நடீன் அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டியதாகிவிட்டது.

குளிர்காலம் முழுக்க யோசித்து, மோட்டார் ஜாக்கி வாங்கினார். சுவிட்சை அமுக்கினால் கால் தானாக இறங்கும், தானாக ஏறும். மூன்று சனி ஞாயிறு கார் ஷெட்டில் மல்லாந்து படுத்து அவரே மாட்டினார். முதல் தடவை முன் சுவிட்சை அமுக்கினால் பின்கால் இறங்கியது. நடீன் ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரித்த சிரிப்பில் காபி கொட்டியது. ஆனால் சரி செய்துவிட்டார். ஏப்ரலில், டிரெய்லர்காரர்கள் கூடித் தங்குகிற ஆற்றங்கரை கேம்ப்புக்கு டிரெய்லரைக் கொண்டுபோய் நிறுத்தி, நின்ற இடத்திலேயே நாலு சுவிட்சை அமுக்கி நாலு காலையும் இறக்கியபோது, பக்கத்து டிரெய்லர்காரர்கள் கைதட்டினார்கள்.

அதற்கப்புறம் எல்டன் அந்தக் கேம்ப்பில் ஜாக்கி வாத்தியார் ஆகிவிட்டார். புதிதாக யார் வந்தாலும் அவர் சொல்கிற முதல் வார்த்தை இதுதான்: "ஜாக்கி தூக்குறதுக்கு இல்லப்பா. ஆடாம புடிச்சுக்கிறதுக்கு. தூக்கணும்னா சக்கரத்துக்கு அடியில பலகை வை."

மே மாதம் இரண்டாவது வாரம் டெஸ்ஸா போன் செய்தாள். வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்து, தரைப் பலகை எல்லாம் பெயர்த்துப் புதிதாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பசை நாற்றம் பிள்ளைக்கு ஆகாது. அவள் கணவன் ரயில் ஓட்டுபவன், அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. டென்வரில் இருக்கிற மாமியார் வா வா என்கிறார்.

"டென்வர் எதுக்கும்மா? அஞ்சு மணி நேரப் பயணம். என் டிரெய்லருக்கு வா" என்றார் எல்டன்.

"அப்பா, போன செப்டம்பர்ல நான் மாசமா இருக்கும்போது உங்க டிரெய்லர்ல படுத்தேனே, மறந்துட்டீங்களா? அம்மா ஒரு தடவை புரண்டு படுத்தாங்க, நான் வாளியைத் தேடினேன்."

"அது பழைய ஜாக்கி. இப்ப பாறை மாதிரி நிக்கும்."

"பாறையோ கீறையோ, பிள்ளை தூங்கணும். அவ தூங்கினாதான் நான் தூங்குவேன். டிரெய்லர் சரிப்படலன்னா அடுத்த நாளே டென்வருக்குக் கிளம்பிடுவேன். அப்புறம் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"வெச்சுக்கமாட்டேன்" என்று சொல்லும்போதே எல்டனுக்கு மூஞ்சி இறங்கிவிட்டது. நல்லவேளை, போனில் தெரியாது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிற நடீனுக்கு மே மாதம் முடிகிறவரை லீவு இல்லை. ஆக, மகளும் பேத்தியும் அவர் ஒருவர் பொறுப்பு.

முதல் ராத்திரி டிரெய்லர் அசையவில்லை. ஆனால் மழை கொட்டித் தீர்த்தது. விடிகாலை நாலு மணிக்கு ஐவி அழ ஆரம்பித்தாள். வயிற்று வலியோ என்னவோ, ஒன்பது மணி வரைக்கும் ஓயவில்லை. ஒரு வழியாகத் தூங்கியதும் டெஸ்ஸா சிவந்த கண்ணோடு வெளியே வந்தாள்.

"அப்பா, டிரெய்லர் கதவுப் பக்கமா சாயுது. பால் பாட்டில் உருண்டு போய் மூலையில நிக்குது. தொட்டில்ல பிள்ளையும் ஒரு பக்கமா ஒதுங்கிடறா."

எல்டன் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. மழையில் சரளை இளகி, கதவுப் பக்கத்துச் சக்கரம் இரண்டு விரல்கடை அமுங்கியிருந்தது.

"பாத்துக்கறேம்மா."

"இப்ப ஒண்ணும் பாக்க வேணாம். அவ முழிச்சா நான் செத்தேன். நான் போய்க் குளிச்சிட்டு வர்றேன், தலைக்குத் தண்ணி ஊத்தி நாலு நாளாச்சு. நீங்க இந்த நாற்காலியில உக்காந்திருங்க, போதும்."

"உக்கார்றதுல என்னை அடிச்சுக்க ஆளில்ல, போ."

டெஸ்ஸா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேம்ப்பின் பொதுக் குளியலறைக்கு நடந்தாள். எல்டன் நாற்காலியில் உட்கார்ந்தார். ரசமட்டமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் ஒட்டிய அந்தக் குமிழி அவரையே பார்க்கிற மாதிரி இருந்தது.

சரியான வழி என்ன என்று அவருக்குத் தெரியாதா? நாலு காலையும் மேலே ஏற்ற வேண்டும், பிக்கப்பைப் பின்னால் கொண்டுவந்து கொக்கியில் மாட்ட வேண்டும், இரண்டடி முன்னால் இழுக்க வேண்டும், சக்கரத்துக்குப் பலகை வைத்துத் திரும்பப் பின்னால் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் டமால் டமால் என்று சத்தம். ஐந்து மணி நேரம் அழுது ஓய்ந்த பிள்ளை உள்ளே தூங்குகிறது. முழித்துக்கொண்டால் மகள் டென்வருக்குப் போய்விடுவாள். சரி செய்யாமல் விட்டாலும் போய்விடுவாள்.

பின்மூலையில் கதவுப் பக்கத்து ஜாக்கி இருக்கிறதே, அதை ஒரே ஒரு சுண்டுவிரல் அளவு இறக்கினால்? கால் ஏற்கனவே தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இன்னும் இறக்கினால் அந்த மூலை மேலே எழும்பும். மோட்டார் பூனை மாதிரிதான் உறுமும். ஒரு சுண்டுவிரல்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?

அமுக்கினார். மோட்டார் உறுமியது. குமிழி கொஞ்சம் நகர்ந்தது. இன்னொரு தடவை அமுக்கினார். டிரெய்லர் எங்கேயோ 'கிரீச்' என்று முனகியது. குமிழி கிட்டத்தட்ட நடுவுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை என்று அமுக்கினார். மோட்டார் முக்கியது, திணறியது, 'டப்' என்று ஒரு சத்தம். அப்புறம் எந்த சுவிட்சை அமுக்கினாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஃபியூஸ் போய்விட்டது.

போகட்டும் என்றுதான் நினைத்தார். அந்த நேரம் உள்ளே ஐவி சிணுங்கினாள். எல்டன் படியேறி கைப்பிடியைத் திருகினார். கைப்பிடி திருகியது, கதவு வரவில்லை. பலமாக இழுத்தார். தோளைக் கொடுத்து அசைத்தார். கதவு சட்டத்தோடு ஒட்டிப் பிறந்த மாதிரி நின்றது.

மூலை மேலே எழும்பியதில் டிரெய்லரின் அடிச்சட்டமே முறுக்கிக்கொண்டு, கதவு நிலையில் சிக்கிவிட்டது. அவருக்கு அது ஒரே நொடியில் புரிந்தது.

எதிர்ச் சாரியில் வெல்மா காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது, பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவர், ஒன்பது வருஷமாகத் தனியாக டிரெய்லரிலேயே குடியிருக்கிறார். காலையில் காபி குடித்துக்கொண்டு அடுத்தவர் வண்டி நிறுத்துவதை வேடிக்கை பார்ப்பது அந்தக் கேம்ப்பில் காசில்லாத நாடகம். வெல்மாவுக்கு முன்வரிசை.

"என்ன எல்டன், காலங்கார்த்தால கதவோட குஸ்தியா?"

"வெல்மா, பிள்ளை உள்ள இருக்கு. கதவு தொறக்கல."

வெல்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று வந்தார். கதவைப் பார்த்தார். குனிந்து பின்மூலைக் காலைப் பார்த்தார். எல்டன் மூஞ்சியைப் பார்த்தார்.

"தூக்கினியா?"

"கொஞ்சம்தான்."

"ஏய்யா, போன மாசம் அந்த அயோவாக்காரர் இதையே செய்யப் போனப்ப அரைமணி நேரம் நிக்கவெச்சுப் பாடம் நடத்தினியே! அந்த மனுஷன் இப்பல்லாம் உன் கண்ணுல படாம சுத்துப்பாதையில குப்பை கொட்டப் போறாரு."

"அப்புறமா திட்டு, வெல்மா. பட்டினி கிடந்துகூட கேக்கறேன். இப்ப கதவு."

எல்டன் பிக்கப்பிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வெல்மா கதவின் குறுக்கே நின்றுகொண்டார்.

"கீழ போடு அதை. கதவு என்ன பண்ணுச்சு? கோளாறு கால்ல இருக்கு. காலை இறக்கின மாதிரியே ஏத்தினா கதவு தானா விடும். கையால சுத்துற கம்பி எங்க?"

"உள்ள இருக்கு. சோஃபாவுக்கு அடியில."

"மாத்து ஃபியூஸ்?"

"அதுவும் உள்ள. டிராயர்ல."

"உன் மூளை?"

"அதுவும் உள்ளதான் கெடக்கு போல" என்றார் எல்டன். வெல்மாவுக்கு அதற்கு மேல் கிண்டல் செய்ய மனசு வரவில்லை.

"என்கிட்ட பேட்டரி டிரில் இருக்கு. நட்டுக்கு ஏத்த பாக்ஸ் ஸ்பேனரை முனையில மாட்டினா கம்பியே வேணாம். நீ ஜன்னல்கிட்ட போ. பிள்ளை மேல இருந்து கண்ணை எடுக்காத."

ஜன்னல் அரையடிதான் திறந்திருந்தது, வலையும் போட்டது. கிழித்துக்கொண்டு நுழையலாம் என்றால் தலை போகும், வயிறு போகாது. எல்டன் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். தொட்டில் தெரிந்தது. ஐவி கையைக் காலை உதைத்து, முகம் சிவக்க அழுதுகொண்டிருந்தாள்.

"ஐவி, தாத்தா இங்கதான் இருக்கேன். இங்க பாரு. இங்க."

அவள் அழுகை ஏறியது. எல்டனுக்குத் தாலாட்டு ஒன்றும் தெரியாது. தெரிந்தது கிடங்கு ஒன்றுதான். வாய்க்கு வந்ததை, லாரிக்காரர்களிடம் சொல்கிற அதே சுருதியில் சொல்ல ஆரம்பித்தார்.

"ஈரம் பதினஞ்சுன்னா உள்ள விடு. பதினேழுன்னா காய வை. இருபதுன்னா திருப்பி அனுப்பு. ஒண்ணாம் நம்பர் தொட்டி நிறைஞ்சாச்சு. ரெண்டாம் நம்பருக்கு வா. மெதுவா வா. இன்னும் வா. நிறுத்து. ஈரம் பதினஞ்சுன்னா உள்ள விடு..."

பின்பக்கம் வெல்மா தரையில் படுத்தே விட்டார். முதலில் கொண்டுவந்த ஸ்பேனர் சின்னது, சேரவில்லை. எழுந்து திரும்ப ஓடினார். எழுபத்தொரு வயசு ஓட்டம். எல்டன் ஜன்னலை விட்டு நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஈரத்தலையோடு டெஸ்ஸா வந்து நின்றாள்.

"அப்பா, ஜன்னல்ல எதுக்குத் தொங்கறீங்க?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்க எல்டனுக்கு வாய் வரவில்லை. "ஜாக்கியால டிரெய்லரைத் தூக்கிட்டேம்மா. சட்டம் முறுக்கிக்கிட்டு கதவு சிக்கிக்கிச்சு. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். தப்பு முழுக்க என்னோடது."

டெஸ்ஸா அவரைத் தள்ளிக்கொண்டு பெட்டிமேல் ஏறி வலையில் முகத்தை அழுத்திப் பார்த்தாள். உள்ளே அழுகைச் சத்தம் நின்றிருந்தது. "ஏன் சத்தத்தையே காணோம்? அப்பா, அவ ஏன் அசையல?"

"வெல்மா!" என்று கத்தினார் எல்டன்.

"வந்துட்டேன், வந்துட்டேன். எந்தப் பக்கம் சுத்தணும்?"

"இடது! இடது பக்கம்! வலதுன்னா இன்னும் தூக்கும்!"

டிரில் 'விர்ர்' என்றது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கால் மசமசவென்று ஏறியது. டிரெய்லர் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு முனகல் முனகி, மூலை கீழே உட்கார்ந்தது. கதவு தானாகவே 'டக்' என்று விட்டு, ஒரு விரல் திறந்துகொண்டது.

டெஸ்ஸா இரண்டு படியை ஒரே தாவலாகத் தாவி உள்ளே போனாள். எல்டன் படியிலேயே நின்றார்.

"என்னம்மா?"

ஒரு படி மேலே ஏறினார்.

"டெஸ்ஸா?"

"தூங்கறா" என்றாள் டெஸ்ஸா உள்ளேயிருந்து. "வாயைப் பொளந்துக்கிட்டு தூங்கறா, ராஸ்கல்."

எல்டன் படியில் தொப்பென்று உட்கார்ந்தார். மூச்சு ஒரு மாதிரி வெளியே வந்தது, சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. வெல்மா முழங்கைச் சரளையைத் தட்டிக்கொண்டு வந்து அவர் முதுகில் ஒரு குத்து விட்டார். அதுதான் அந்த ஊர்க்காரர்கள் ஆறுதல் சொல்கிற விதம்.

கொஞ்ச நேரம் கழித்து டெஸ்ஸா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் ஈரம்.

"நாற்காலியில உக்காரச் சொன்னேன். அது ஒண்ணுதான் சொன்னேன்."

"ஆமாம்மா. டென்வருக்குப் போகணும்னா நானே கொண்டுபோய் விடறேன். மூஞ்சிய தூக்கி வெச்சுக்கமாட்டேன்."

டெஸ்ஸா பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஜன்னல்ல நின்னு அவகிட்ட என்ன சொல்லிக்கிட்டிருந்தீங்க?" என்றாள்.

"சோளத்தோட ஈரக் கணக்கு."

"விடிகாலைல இருந்து நான் பாடாத பாட்டு இல்ல. இவளுக்கு ஈரக் கணக்கு கேட்டிருக்கு!" அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வெல்மாவும் சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் பிள்ளை முழிக்கக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். எல்டனுக்குச் சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் ஓடியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"சரி, எழுந்திருங்க" என்றாள் டெஸ்ஸா. "வண்டியை மாட்டுங்க. பலகை வெச்சு ஒழுங்கா நிறுத்துங்க. பிள்ளை வெல்மாகிட்ட இருக்கட்டும். ரசமட்டம் என் கையில. நான் சொல்ற வரைக்கும் எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது."

"அப்ப நீ போகலியா?"

"முதல்ல வண்டியை மாட்டுங்கப்பா."

டிரெய்லரைக் கொக்கியில் மாட்டுகிறவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அது அந்தக் கேம்ப்பில் எழுதாத சட்டம். பேச்சில் ஒரு படி விட்டுப்போனால் டிரெய்லர் நடுரோட்டில் கழன்று நிற்கும். ஒருவர் நாயோடு நடந்துவந்து "காலை வணக்கம் எல்டன், பேத்தி வந்திருக்காமே?" என்று ஆரம்பித்தார். வெல்மா ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை பஸ் நிறுத்துகிற மாதிரி நீட்டினார். மனுஷன் நாயோடு அப்படியே நின்றுவிட்டார்.

எல்டன் புது ஃபியூஸ் போட்டார், மற்ற கால்களையும் ஏற்றினார், கொக்கியை மாட்டினார், சக்கரத்து முட்டுக்கட்டையை எடுத்தார், இரண்டடி முன்னால் இழுத்தார். பலகையை வைத்தார், பின்னால் ஏற்றினார். டெஸ்ஸா உள்ளே தரையில் மண்டியிட்டு, "இன்னும்... இன்னும்... போதும்!" என்றாள். திரும்ப முட்டுக்கட்டை கொடுத்து, கொக்கியைக் கழற்றி, முன்மூக்கைச் சமன் செய்தார். கடைசியில் அவள் தலையசைத்த பிறகுதான் ஜாக்கி சுவிட்சில் கை வைத்தார். ஒவ்வொரு காலும் தரையைத் தொட்டு, லேசாக அழுந்தியதும் விரலை எடுத்துவிட்டார். அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட இல்லை.

டெஸ்ஸா உள்ளே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். நின்ற இடத்தில் இரண்டு குதி குதித்தாள். பிறகு கதவை நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்தாள்.

"அசையல. கதவும் வெண்ணெய் மாதிரி போகுது."

சொல்லிவிட்டு வெல்மாவிடமிருந்து பிள்ளையை வாங்கினாள். எல்டன் நாற்காலியில் உட்கார்ந்ததும், ஐவியை அப்படியே அவர் நெஞ்சின்மேல் வைத்து, அவர் கை இரண்டையும் எடுத்துப் பிள்ளை முதுகின்மேல் பொத்தி வைத்தாள்.

"நான் போய்த் தூங்கறேன். பசிச்சு அழுதா மட்டும் எழுப்புங்க."

"டெஸ்ஸா, டென்வர்..."

"மாமியார்கிட்ட சொல்லிட்டேன். தரை காயற வரைக்கும் இங்கதான்."

கதவு மூடியது. ஐவி ஒரு தடவை கொட்டாவி விட்டு, கன்னத்தை அவர் சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எடை ஒன்றுமே இல்லை. ஒரு படி சோளம்கூட இதைவிடக் கனக்கும். எல்டன் மூச்சைக்கூட அளந்துதான் விட்டார்.

பையில் போன் அதிர்ந்தது. பிள்ளை முழிக்குமோ என்று பயந்து இரண்டு விரலால் எடுத்தார். நடீன். பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தம்.

"டெஸ்ஸா சொன்னா. எல்லாத்தையும் சொன்னா. உங்களுக்கு அறுபத்தேழு வயசா, ஏழு வயசா?"

"மெதுவா பேசு. தூங்கறா."

"யாரு?"

"ரெண்டு பேரும். ஒருத்தி உள்ள குறட்டை விடறா. ஒருத்தி என் மேல."

பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் போனில் கேட்டது. "நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துடறேன்" என்றாள் நடீன். "அதுவரைக்கும் அசையாம இருங்க."

மணி பதினொன்று ஆனது. வெயில் மரத்தைத் தாண்டி மெல்ல ஊர்ந்து அவர் முழங்காலுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு வந்தது. பிள்ளையின் தலைக்கு இன்னும் ஒரு சாண்தான். நாற்காலியோடு நகரலாம் என்றால் முழித்துவிடுவாள்.

"வெல்மா" என்று மெல்லக் கூப்பிட்டார். "உன் குடை."

வெல்மா முனகிக்கொண்டே தன் பெரிய கோடுபோட்ட குடையைத் தூக்கிவந்து, அவர் பக்கத்தில் மண்ணில் குத்தி, நிழல் சரியாகப் பிள்ளைமேல் விழுகிற மாதிரி சாய்த்து வைத்தார். இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"ராஜாவுக்கு வேற ஏதாவது வேணுமா? காபி? விசிறி?"

"வேணாம்" என்றார் எல்டன். "எனக்கு ஒண்ணும் வேணாம், வெல்மா."